நாட்காட்டிக்குப் பின்னால்

அந்த ஒயரைக் கழற்றியது நான்தான்.

மேசை டிராயரில் கிடந்த டெஸ்டர் ஒன்றே போதுமாக இருந்தது. மாடிப்படி ஏறியதும் இடப்பக்கச் சுவரில் இருக்கும் சிவப்புப் பெட்டியைத் திறந்து, இரண்டு திருகுகளைத் தளர்த்தி, ஹூட்டருக்குப் போகும் ஒயர்களை உருவி, நுனியில் டேப் சுற்றி உள்ளேயே மடக்கி வைத்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. 2017 ஐப்பசி அது. கள்ளக்குறிச்சி அப்போது விழுப்புரம் மாவட்டத்தோடு இருந்தது. எந்தத் துறை, எந்தக் கட்டடம் என்பது இங்கே வேண்டாம். மூன்று தளம், ஒரு பதிவறை, தினமும் நூற்றுக்கணக்கானோர் ஏறி இறங்கும் ஒரு படிக்கட்டு. இவ்வளவு தெரிந்தால் போதும்.

தீ எச்சரிக்கை அமைப்பு அங்கே புதிதாக வந்திருந்தது. வெள்ளைக் கிண்ணத்தைக் கவிழ்த்து ஒட்டியதுபோல அறைக்கு அறை கூரையில் புகை உணரிகள். படிக்கட்டுத் திருப்பங்களில் கண்ணாடி போட்ட சின்னச் சிவப்புப் பெட்டிகள்; ஆபத்தென்றால் கண்ணாடியை உடைத்து அழுத்த வேண்டும். எல்லா ஒயரும் வந்து சேர்வது என் இருக்கைக்கு எதிரே இருந்த அந்தப் பெட்டிக்கு. தளத்துக்கு இரண்டாக ஆறு சோன். தீ என்றால் சிவப்பு விளக்கு, இணைப்பில் கோளாறு என்றால் மஞ்சள், எல்லாம் சரி என்றால் பச்சை. பொருத்த வந்தவர் ஊதுவத்தியைக் கொளுத்தி ஓர் உணரியின் கீழே பிடித்து அலற வைத்துக் காட்டினார். பத்துப் பன்னிரண்டு பேர் நின்று பார்த்தோம். அவர் தந்த கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. அதை பீரோவில் வைத்துப் பூட்டினேன். கட்டடப் பராமரிப்புக் கோப்பு என் இருக்கையில் இருந்ததால் அது என் பொறுப்பு.

அந்தக் கிண்ணத்துக்குள் ஓர் இருட்டறை இருக்கிறது. ஒரு பக்கம் சிறிய ஒளி, இன்னொரு பக்கம் அதைப் பார்க்கிற மின்கண். ஒளி நேராகக் கண்ணில் படாதபடி அமைத்திருப்பார்கள். புகை உள்ளே புகுந்தால் அதன் துகள்கள் ஒளியைச் சிதறடிக்கும். சிதறிய ஒளி கண்ணில் பட்டதும் அலாரம். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தக் கண்ணுக்குப் புகையும் தெரியும், தூசியும் தெரியும், ஈசல் இறக்கையும் தெரியும். எல்லாம் அதற்கு ஒன்றுதான்.

ஆயுத பூஜை சாம்பிராணிக்கே அது ஒருமுறை அலறியது. அப்புறம் மழை பிடித்தது. மழை விட்ட மாலைகளில் டியூப்லைட்டைச் சுற்றி ஈசல் மொய்த்தது. ஒரே வாரத்தில் நான்கு முறை அடித்தது. முதல் முறை எல்லோரும் ஓடினோம். இரண்டாம் முறை நடந்தோம். மூன்றாம் முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்து வேலையைப் பார்த்தோம்.

நான்காம் முறை அடித்தது திங்கட்கிழமை, மனு கொடுக்க வருகிறவர்களின் நாள். முந்தைய மூன்று அலறல்களும் பொய் என்பது எங்களுக்குத் தெரியும். முதல் பஸ் பிடித்துக் கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்? நாங்கள் உட்கார்ந்திருக்க, அவர்கள் ஓடினார்கள். கரியாலூர்ப் பக்கமிருந்து வந்த ஒரு பாட்டி படியில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். நானேதான் ஆட்டோவில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கட்டுப் போடும்போது அந்த அம்மாள் கேட்டாள்: "இன்னாத்துக்குய்யா அது அப்படிக் கத்துச்சு?"

"ஒண்ணும் இல்லம்மா. மிஷின் கோளாறு" என்றேன்.

அன்று சாயங்காலம் டெஸ்டரை எடுத்தேன். அந்த நேரத்தில் என் மனதில் இருந்தது அந்தப் பாட்டியின் கைதான். இன்னொருவர் விழக் கூடாது என்றுதான் செய்தேன். இதை நியாயமாகச் சொல்லவில்லை. நல்ல எண்ணத்தோடு செய்ததால்தான் அது தவறு என்று எனக்கு உறைக்கவே இல்லை, அதற்காகவே சொல்கிறேன்.

ஆனால் பெட்டி விடவில்லை. ஒயர் ஓடும் பாதையின் கடைசியில் ஒரு சிறிய மின்தடை வைத்திருப்பார்கள். அதன் வழியே மின்னோட்டம் சரியாகத் திரும்புகிறதா என்று பெட்டி எந்நேரமும் பார்த்துக்கொண்டே இருக்கும். நடுவில் யாராவது வெட்டினால் உடனே தெரிந்துகொள்ளும். ஒயரை உருவிய மறுகணம் மஞ்சள் விளக்கு எரிந்தது. பெட்டிக்குள்ளிருந்து மெல்லிய கீச்சொலி வந்தது. அதை அடக்க ஒரு பொத்தான் இருந்தது. விளக்கை அணைக்கத்தான் வழி இல்லை. சிவகாசியிலிருந்து வந்த தினசரி நாட்காட்டி ஒன்று மேசையில் கிடந்தது. பெட்டிக்கு மேலே ஆணி அடித்து மாட்டினேன். அட்டை பெரிது, பெட்டி முழுக்க மறைந்துவிட்டது.

ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போடக் கோரி நான் வைத்த கோப்பு அதற்கு முன்பே ஒரு வினாவோடு திரும்பி வந்திருந்தது. இரண்டு வரியில் பதில் எழுதி மறுபடி அனுப்பியிருக்கலாம். அலறல் நின்றதும் அவசரமும் போயிற்று. கோப்பு மற்றக் கோப்புகளுக்கு அடியில் போனது.

இந்த இடத்தில் என் முதல் வேலையைச் சொல்ல வேண்டும். எனக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை.

அரசுப் பணியில் நான் சேர்ந்தது மலைமேல், ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டிப் போய், வளைந்து வளைந்து ஏற வேண்டும். சாமையும் குச்சிக்கிழங்கும் விளைகிற காடுகள், நடுநடுவே புளியும் கடுக்காயும். பிள்ளைகள் எல்லோரும் மலையாளிப் பழங்குடி வீட்டுப் பிள்ளைகள். பள்ளி முற்றத்தில் ஒரு மரக்கிளையில் தண்டவாளத் துண்டு ஒன்று தொங்கியது. பாடவேளை மணியும் அதுதான், சாப்பாட்டு மணியும் அதுதான், ஆபத்து மணியும் அதுதான். அடிப்பவர் இரவுக் காவலர். அந்த மலைக்காரர், அறுபதை நெருங்கியவர். பிள்ளைகளுக்கு அவர் தாத்தா, எனக்குப் பெரியவர்.

சாப்பாட்டுக்கு அவர் அடிப்பது நிதானமாக இருக்கும், விட்டு விட்டு. ஆபத்துக்கு அடித்தால் ஒரு அடியின் ஓசை அடங்கும் முன் அடுத்தது விழும். ஒரு பங்குனி இரவு, சரிவில் காய்ந்த புல் பற்றிக்கொண்டு தீ பள்ளிப் பக்கம் ஏறியபோது அப்படி அடித்தார். எண்பது பிள்ளைகளும் போர்வையோடு முற்றத்தில் வந்து நின்றார்கள். எண்ணிப் பார்த்துச் சமையலம்மா "சரியா இருக்குது" என்ற பிறகுதான் சுத்தியலைக் கீழே வைத்தார்.

இன்னொரு இரவு, மார்கழியில், தவறாக அடித்தார். பனிமூட்டத்தில் யாரோ குளிர்காயக் கொளுத்திய சருகுப் புகையைப் பார்த்துப் பயந்துவிட்டார். பிள்ளைகள் குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. விடிந்ததும் அவர் செய்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. பிள்ளைகள் கஞ்சிக்கு உட்கார்ந்த வரிசையில் முதல் பிள்ளையிடமிருந்து கடைசிப் பிள்ளை வரை ஒவ்வொருவர் முன்னும் நின்று சொன்னார்: "ராத்திரி தாத்தா அடிச்சது தப்பு. சருகுப் பொகையப் பாத்து ஏமாந்துட்டேன். மறுக்கா அடிச்சா இதே மாரி ஓடியாரணும், இன்னா?" சிறுசுகள் தலையாட்டின. சமையலம்மாவிடம் சொன்னார். என்னிடமும் வந்து சொன்னார்.

அந்த மலையில் இதைப் பார்த்தவன்தான் சமவெளியில் நாட்காட்டியை மாட்டினேன். நான்கு முறை பொய்யாக அடித்தபோதும் யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அறை அறையாகப் போய் "ஈசல்தான் காரணம், நாளை உணரியைச் சுத்தம் செய்கிறோம், அடுத்த முறையும் எழுந்து வாருங்கள்" என்று சொல்ல ஆகிற நேரம் கால்மணி. அதைச் சொல்ல வேண்டியவன் நான். பாட்டி நேருக்கு நேராகக் கேட்டபோதுகூட ஒன்றும் இல்லை என்றேன்.

2018 பங்குனி. பிற்பகல் மூன்று மணி இருக்கும்.

முதல் தளத்தில் பதிவறைக்குப் பக்கத்து அறையில் யு.பி.எஸ். பேட்டரிகள் வரிசையாக இருந்தன. அதற்கு எதிரே வராந்தா பெஞ்சில் மலையிலிருந்து வந்த ஒருவர் காலையிலிருந்தே காத்திருந்தார். அவர்தான் முதலில் எழுந்து உள்ளே வந்தார். "சார், தீயிற நாத்தம் வருதுங்க." ஜெராக்ஸ் மெஷின் சூடாகியிருக்கும் என்று யாரோ சொன்னார்கள். அவர் வெளியே போய் நின்றுவிட்டு மறுபடி வந்தார். "இல்லிங்க சார், ரப்பர் தீயுதுங்க." இரண்டாம் முறை அவர் சொல்லும்போது நான் தலைநிமிர்ந்தேன். அவருக்குப் பின்னால் வராந்தா மங்கலாகத் தெரிந்தது.

அப்புறம் நடந்தவை எனக்கு வரிசையாக நினைவில்லை. புகை கறுப்பாக, தாழ்வாக வந்தது. ஒரே படிக்கட்டில் எல்லோரும் இறங்கினோம். இரண்டாவது படிக்கட்டு இருந்தது. ஆனால் அதன் ஷட்டர் பூட்டிக் கிடந்தது, முன்னால் உடைந்த நாற்காலிகள் அடுக்கியிருந்தன. பதிவறையில் கட்டு எடுக்கப் போயிருந்த அலுவலக உதவியாளர் அக்கா உள்ளே மாட்டிக்கொண்டார். பெஞ்சில் இருந்த அந்த மலைக்காரரும் மனு கொடுக்க வந்த வேறு இருவரும் துண்டை நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டு போய்த் தூக்கி வந்தார்கள். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். உயிர் பிழைத்தார். அதை நினைக்கும்போதெல்லாம் என் கை தானாகக் குவிகிறது.

தீயணைப்பு வண்டி வந்து அணைத்தது. பதிவறையில் ஒரு பக்கச் சுவரின் கட்டுகள் எரிந்தன. மிச்சம் தண்ணீரில் ஊறிப்போயின. புகை அடங்கியதும் தீயணைப்பு அலுவலர் ஒவ்வொரு சுவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். என் இருக்கைக்கு எதிரே நின்றார். நாட்காட்டியைத் தூக்கினார்.

முதல் தளம், இரண்டாம் சோன். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அது சொல்லிக்கிட்டேதான் இருந்திருக்கு" என்றார். பெட்டியைத் திறந்து டேப் சுற்றிய ஒயர் நுனியைப் பார்த்தார். "இத யாரு எடுத்தது?"

நான் வாய் திறக்கவில்லை.

ஒயரைக் கழற்றியதைவிட இதுதான் பெரிய தவறு. கட்டடத்தில் மின்வேலை பார்த்த ஒயர்மேன் தினக்கூலிக்காரர், இருபத்தைந்து வயதுப் பையன். ஒயர் என்றால் அவன்தான் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவன் என் மேசைக்கு வந்து, "சார், நான் அந்தப் பெட்டியத் தொட்டதே இல்ல சார், உங்களுக்குத் தெரியும்ல?" என்றான். தெரியும் என்று தலையாட்டினேன். அவன் அதை ஆறுதலாக எடுத்துக்கொண்டு போனான்.

பதினோரு நாள் கழித்து எழுதிக் கொடுத்தேன். அந்தப் பதினோரு நாளுக்கு என்னிடம் எந்த விளக்கமும் இல்லை. ஒழுங்கு நடவடிக்கைக்கான 17(அ) குறிப்பாணை வந்தது. திரண்ட பயனின்றி ஆறு மாதம் ஊதிய உயர்வு நிறுத்தம். குறைவான தண்டனைதான். ஒயர்மேனைத் திரும்பக் கூப்பிடச் சொன்னார்கள். அதற்குள் அவன் பெங்களூரில் ஒரு கட்டட வேலைக்குப் போய்விட்டான். போனில் எல்லாவற்றையும் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வச்சிட்றேன் சார்" என்று மட்டும் சொன்னான். அதற்கப்புறம் என் அழைப்பை எடுப்பதில்லை.

எரிந்த கட்டுகளில் மலைக்காரர்கள் மனுவோடு கொடுத்த அசல் காகிதங்கள் இருந்தன. அவை எவ்வளவு பெரியவை என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. ஜாகிர்தார்களின் ஆளுகையில் நெடுங்காலம் கிடந்த மலை அது. பல குடும்பங்களுக்குத் தலைமுறையாக உழுத நிலத்துக்கு ஆவணமே கிடையாது. 2006 வன உரிமைச் சட்டப்படி, 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே அந்த நிலத்தில் இருந்ததைக் காட்டினால்தான் பழங்குடியினருக்கு உரிமை. காட்டுவதற்கு அவர்களிடம் இருந்ததெல்லாம் பழைய ரசீதுகள், எப்போதோ கட்டிய அபராதச் சீட்டுகள், மடித்து மடித்து நைந்துபோன தாள்கள். அரிசிப் பானைக்குள் வைத்துக் காப்பாற்றியதை நம்பி எங்களிடம் கொடுத்தார்கள். காத்திருந்து வாடை பிடித்து எங்களை எழுப்பினாரே, அவருடைய தாளும் அதில் போயிற்று.

அந்தச் சட்டத்தின் விதிகளில் ஒரு வழி இருந்தது. ஊர்ப் பெரியவர்களின் வாய்மொழியை எழுத்தில் பதிந்து கொடுத்தால் அதையும் சான்றாக ஏற்கலாம். விடுப்பு எடுத்துக்கொண்டு மலைக்குப் போனேன். ஏழெட்டு நடை. திண்ணை திண்ணையாக உட்கார்ந்து பெரியவர்கள் சொல்வதை எழுதினேன். அப்படிப் போன ஒரு நாளில்தான் பழைய இரவுக் காவலரைப் பார்த்தேன். பார்வை மங்கியிருந்தது. குரலை வைத்து அடையாளம் கண்டுகொண்டார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்:

"அப்ப உங்க ஆபீசுல யாரு தம்பி அடிக்கணும்?"

தானாக அடிக்கும் பெரியவரே என்றேன். "தானா அடிக்குமா..." என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அவ்வளவுதான். மலையிறங்கும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஓசைக்குப் பின்னால் ஒரு ஆள் இல்லாவிட்டால் அது வெறும் இரைச்சல். எங்கள் பெட்டிக்கு அப்படி ஓர் ஆளே கிடையாது.

அதற்குப் பிறகு இதைப்பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். போபாலைப் பற்றிப் படித்த இரவில் தூக்கம் வரவில்லை. 1984 டிசம்பர் 2 நள்ளிரவு தாண்டி யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து விஷவாயு கசிந்தபோது, ஊருக்குக் கேட்கும் சங்கு கொஞ்ச நேரம் ஊதிவிட்டு நின்றுவிட்டது. உள்ளே ஊழியர்களுக்கான எச்சரிக்கையையும் வெளியே மக்களுக்கான சங்கையும் முன்பே தனித்தனியாகப் பிரித்து வைத்திருந்தார்கள். சின்னக் கசிவுக்கெல்லாம் ஊரைப் பயமுறுத்த வேண்டாம் என்பதே காரணம். வெளிச்சங்கு மறுபடி முழுதாக ஒலித்தபோது மணி இரண்டைத் தாண்டியிருந்தது. அதற்குள் வாயு குடிசைகளுக்குள் புகுந்திருந்தது. பயமுறுத்த வேண்டாம் என்ற அந்தச் சொல்லில் என் குரலைக் கேட்டேன். அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆனாலும் டெஸ்டரை எடுத்த கையில் இருந்ததும் அதே எண்ணம்தான்.

சென்னையில் எழிலகம் வளாகத்திலுள்ள கலஸ் மகால், 2012 பொங்கல் விடுமுறையின் இரவில் எரிந்தது. அரசு அலுவலகங்கள் இருந்த பழைய அரண்மனைக் கட்டடம். கூரை சரிந்து ஒரு தீயணைப்பு அலுவலர் உயிரிழந்தார். பிரியா ரவிச்சந்திரன் என்ற பெண் அதிகாரி படுகாயமடைந்து பிழைத்தார். தாள்களுக்காகவும் சுவர்களுக்காகவும் ஒருவர் உயிர் போயிற்று. எங்கள் பக்கத்து ஊரான சங்கராபுரத்தில் 2021 அக்டோபர் 26 அன்று, தீபாவளிக்கு ஒன்பது நாள் முன்பு, பட்டாசுக் கடை தீப்பிடித்துப் பல உயிர்கள் போனபோது வானத்தில் எழுந்த வெளிச்சத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

தீ எச்சரிக்கை அமைப்புக்கென ஐ.எஸ். 2189 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. தேர்ந்தெடுப்பது, பொருத்துவது, பராமரிப்பது என மூன்று வேலைகளும் அதன் தலைப்பிலேயே உள்ளன. முதல் இரண்டுக்கும் கட்டடங்கள் தோறும் பணம் கிடைக்கிறது. மூன்றாவதுக்குக் கோப்பு வைத்தால் வினா வருகிறது. நான் பார்த்தவரை எல்லா இடத்திலும் இதே கதைதான். தீத்தொண்டு வாரம் தொடங்கும் ஏப்ரல் 14, 1944-இல் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்துத் தீயணைப்பு வீரர்கள் மாண்ட நாள். நமக்கு அது சித்திரை ஒன்று, அலுவலகம் பூட்டியிருக்கும். மறுநாளாவது ஒத்திகை நடத்த வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் எழுதிக் கேட்கிறேன். சில வருடம் நடக்கிறது.

பெட்டியின் பொறுப்பு மறுபடி வேண்டும் என்று நானே கேட்டு வாங்கினேன். மாதத்தின் முதல் திங்கட்கிழமை பதினோரு மணிக்குச் சோதனை. திங்களில் ஏன், கூட்டமாக இருக்குமே என்றார்கள். கூட்டம் இருப்பதால்தான். முதலில் மைக்கில் தமிழில் சொல்வோம்: இப்போது ஒரு சத்தம் வரும், இது சோதனை, நிஜமாக அடித்தால் இந்தப் படி வழியாக இறங்கி வேப்பமரத்தடிக்கு வாருங்கள். அப்புறம்தான் அடிப்போம். இரண்டாவது படிக்கட்டின் ஷட்டரை அலுவலக நேரத்தில் பூட்டுவதில்லை. காது கேட்காதவர்களுக்காக ஒவ்வொரு தளத்திலும் ஓர் ஊழியர் பெயர் எழுதி வைத்திருக்கிறோம். அவர் போய்த் தோளைத் தொட்டுக் கூட்டி வர வேண்டும். பொய்யாக அடித்தாலும் பதிவேட்டில் எழுதுகிறோம்: நாள், நேரம், காரணம், யார் போய் யாரிடம் சொன்னார்கள்.

ஊருக்குச் செய்தி சொல்லும் முறையும் இதற்குள் மாறிக்கொண்டே வந்தது. 2022 ஆகஸ்டில் தண்டோரா போடக் கூடாது என்று அரசு தடை விதித்தது. தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு ஆட்சியர்களுக்கு எழுதினார். ஒரு சமூகத்தாரின் தோளில் மட்டும் அந்தப் பறையை மாட்டி வைத்திருந்த இழிவு ஒழிய வேண்டியதே. வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லலாம் என்றார்கள். 2023 அக்டோபர் 20 அன்று செல்போன்களுக்கு அவசர எச்சரிக்கை அனுப்பிச் சோதித்தார்கள். முந்தின நாளே அறை அறையாகப் போய்ச் சொல்லியிருந்தேன். எங்கள் கட்டடத்தில் நூறு போன்கள் ஒரே நேரத்தில் அலறின, ஒருவரும் பதறவில்லை. ஆனால் மலைமேல் எத்தனையோ குக்கிராமங்களில் சிக்னலே இல்லை. அங்கே எது அலறியிருக்கும்?

அதன் விடை 2024 டிசம்பரில் தெரிந்தது. ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகும் மழை விடவில்லை. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. தென்பெண்ணை எங்கள் மாவட்டத்துக்குள் நுரைத்துக்கொண்டு வந்து திருக்கோவிலூரைக் கடந்தது. ஐந்து முறை எச்சரிக்கை விடுத்ததாக அரசு சொன்னது. போதிய அவகாசம் தரவில்லை என்று எதிர்க்கட்சிகள் சொன்னன. அந்த நாள்களில் எனக்குத் தொலைபேசிப் பணி. பட்டியலில் ஊருக்கு எதிரே "தகவல் தெரிவிக்கப்பட்டது" என்று எழுத ஒரு கட்டம் இருந்தது. பக்கத்தில் பென்சிலால் இன்னொரு கட்டம் போட்டுக்கொண்டேன்: கேட்டவர் யார், திரும்பச் சொன்னாரா. மலை ஊர்களுக்கு, சிக்னல் கிடைக்கும் ஒரு வளைவில் கடை வைத்திருப்பவரைப் பிடித்தேன். அவர் பைக்கில் பையன்களை அனுப்பினார். விடிகாலையில் அவரே கூப்பிட்டார்: "ஓடையோரம் இருந்தவங்கள மேல ஏத்தியாச்சு சார். நானே பாத்துட்டு வந்தேன்." அன்று முழுக்க நான் நிரப்பிய கட்டங்களில் என்னால் நம்ப முடிந்தது அது ஒன்றுதான்.

அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறேன். பெட்டியின் பொறுப்பை, புதிதாக வந்திருக்கும் இளநிலை உதவியாளர் பெண்ணிடம் கொடுத்துவிட்டேன். புரட்டாசி கடைசியில் ஏணி போட்டு ஒவ்வொரு கிண்ணமாகக் கழற்றி, பெயிண்ட் பிரஷ்ஷால் துடைத்து மாட்டுகிறாள். வேலையில் சுத்தம்.

போன ஐப்பசியில் ஒரு நாள், நாலு மணி சுமாருக்கு மழை விட்டதும் ஹூட்டர் அலறியது. எல்லோரும் எழுந்தார்கள். இரண்டு படிக்கட்டிலும் இறங்கி வேப்பமரத்தடிக்குப் போனார்கள். பெட்டியில் இரண்டாம் தளம், முதல் சோன். அவள் ஏணியோடு மேலே ஓடினாள். பத்து நிமிடத்தில் ஒரு தாளை மடித்துக் கையில் பிடித்தபடி இறங்கி வந்தாள்.

மரத்தடியில் நூறு பேருக்கு மேல் நின்றார்கள். "தீ இல்லைங்க. ஈசல் உள்ள போயிருச்சு. நான் போன மாசம் சுத்தம் பண்ணும்போது அந்த ஒண்ணோட வலை கிழிஞ்சிருந்ததக் கவனிக்கல. இன்னிக்கே மாத்திடறேன். எழுந்து வந்தீங்களே, அடுத்த தடவையும் இப்படியே வாங்க" என்றாள். பின்வரிசையில் ஒரு கிழவி பக்கத்தில் இருந்தவரிடம், "இன்னா சொல்லுது அந்தப் பொண்ணு?" என்று கேட்டாள்.

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கிழவியிடம் போனாள். தாளைப் பிரித்து, ஒற்றை இறக்கையைக் காட்டினாள்.